தலை தூக்கும் கட்டில்

ஜூன் 3, செவ்வாய்

காலையில் தேன்மொழி சென்னையிலிருந்து போன் செய்தாள். டாக்டர் தீர்மானமாகச் சொல்லிவிட்டாராம். அம்மா இனிமேல் தரையில் படுக்கவே கூடாது. முதுகெலும்பில் ஆபரேஷன் ஆனவள் பாயிலிருந்து கையை ஊன்றி எழுந்தால், செய்த வைத்தியம் எல்லாம் வீணாம். தலைப்பக்கத்தை மோட்டார் தூக்கிக் கொடுக்கும் கட்டில் ஒன்றும், அதற்குத் தோதான மெத்தையும் வாங்கிப் போட்டால்தான் அவளைத் திருச்சிக்கு அனுப்ப முடியும்.

"அவசரமில்லப்பா. அம்மா இங்க நல்லாத்தான் இருக்காங்க" என்றாள்.

அவசரமில்லை என்று சொல்ல இவள் யார்? இவளுக்கு அம்மா என்றால் எனக்குப் பெண்டாட்டி. தனபாக்கியம் சென்னைக்குப் போனது சித்திரையில். வீட்டில் பேச ஆளில்லை. பேச ஆளில்லாததால்தான் இந்த டைரியை எடுத்தேன், வேறு இலக்கிய ஆசை ஒன்றும் கிடையாது.

ஜூன் 5, வியாழன்

அறையை அளந்தேன். நீளம், அகலம், கதவு திறக்கும் தூரம், ஜன்னலின் உயரம், பிளக் இருக்கும் இடம், எல்லாம் குறித்துக்கொண்டேன். ரிட்டயர் ஆகும்வரை பள்ளிக்கூட மைதானத்தில் கபடிக்கும் கோகோவுக்கும் கோடு போட்ட பி.டி. மாஸ்டர் நான். அளவில் என்னிடம் தப்பு வராது.

ரசம் வைத்தேன். வெந்நீரில் புளி கரைத்தது மாதிரி இருந்தது. குடித்துவிட்டேன்.

ஜூன் 7, சனி

தில்லைநகரில் ஒரு மெத்தைக் கடை. உள்ளே போனால் கல்யாண மண்டபம் மாதிரி குளுகுளுவென்று இருக்கிறது. வரிசையாகக் கட்டில்கள், ஒன்றில்கூட ஆளில்லை. ஷாகுல் என்று ஒரு பையன் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு ஓடி வந்தான். ஸ்பிரிங் என்கிறான், ஃபோம் என்கிறான், தேங்காய் நார் என்கிறான், ரப்பர் மரத்துப் பால் என்கிறான். மெத்தையில் படுத்தால் முதுகு கூனும் என்று வகுப்பு வகுப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். என் பழைய மாணவன் எவனாவது பார்த்துவிடப் போகிறானே என்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டேன்.

கட்டில் நன்றாகத்தான் இருக்கிறது. ரிமோட்டை அமுக்கினால் தலைப்பக்கம் மெதுவாக எழும்புகிறது. இன்னொரு பட்டனுக்குக் கால்பக்கம். சத்தமே இல்லை.

கட்டிலைக் காட்டி முடித்ததும் மெத்தைக்கு வந்தான்.

"மேடம் எப்படி சார் படுப்பாங்க? மல்லாந்தா, ஒருக்களிச்சா?"

"ஏன், எப்படிப் படுத்தா என்ன?"

"ஒருக்களிச்சுப் படுக்கறவங்கன்னா தோள்பட்ட அமுங்கற மாதிரி வேணும் சார். மல்லாந்து படுக்கறவங்களுக்கு வேற. தப்பா எடுத்துட்டா வலி கூடும்."

"நிமிர்ந்துதான் படுப்பா" என்றேன்.

"எந்தப் பக்கம் இறங்குவாங்க சார்? இடதா, வலதா? ராத்திரி எந்திரிப்பாங்களா? தலகாணி ஒண்ணா, ரெண்டா?"

போலீஸ் ஸ்டேஷனில்கூட இவ்வளவு கேட்கமாட்டார்கள். மறுபடி வருகிறேன் என்று வெளியே வந்துவிட்டேன். வெயில் கண்ணைக் குத்தியது. தலையணை ஒன்றா இரண்டா என்று பஸ் ஸ்டாப்பில் நின்று யோசித்தேன். பஸ் வந்து போனதைக் கவனிக்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

தேன்மொழிக்குப் போன் செய்து கேட்டேன். அவள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள்.

"அம்மா, நீங்க எப்படிப் படுப்பீங்கன்னு அப்பா கேக்குறாரு. மெத்த வாங்குறதுக்காம்."

அந்தப் பக்கம் தனபாக்கியத்தின் குரல் கேட்டது. "ஏன், அவருக்குத் தெரியாதாமா?"

நான் லைன் சரியில்லை என்பது மாதிரி இரண்டு தடவை ஹலோ ஹலோ என்றேன். அதற்குள் பேத்தி இனியா ஓடி வந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். "தாத்தா, அம்மாச்சி ஒருக்களிச்சுப் படுப்பாங்க. செவுத்தப் பாத்து. முட்டிக்கு நடுவுல குட்டித் தலகாணி வச்சுப்பாங்க. என் மேல கையப் போட்டுப்பாங்க." எல்கேஜி படிக்கிறது. அதற்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

ஒருக்களித்து. சுவரைப் பார்த்து. முட்டிக்கு நடுவில் சின்னத் தலையணை. கடையில் சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதி வைக்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

பால்காரர் பாக்கெட்டைக் குறைக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பாதிப் பாலை எதிர்வீட்டுப் பூனை குடிக்கிறது.

ஜூன் 14, சனி

மறுபடி கடைக்குப் போனேன். ஒருக்களித்துத்தான் படுப்பாள் என்று மாற்றிச் சொன்னேன். ஷாகுல் ஒன்றும் கேட்கவில்லை, நல்ல பையன். ஆனால் அடுத்த கேள்வியைப் போட்டான்.

"சிங்கிளா, டபுளா சார்?"

அறை பெரியது. சிங்கிள் போட்டால் மைதானத்தின் நடுவே பெஞ்சு கிடப்பது மாதிரி இருக்கும். ஒரு தடவை வாங்கும் சாமான், பார்வையாக இருக்க வேண்டாமா? அதனால் டபுள் என்றேன். வேறு காரணம் இல்லை.

டபுள் என்றால் இரண்டு பாதியாக வருமாம். ஒவ்வொரு பாதிக்கும் தனி மோட்டார், தனி ரிமோட், தனி மெத்தை. ஒருத்தர் எழுந்து உட்கார்ந்தாலும் அடுத்தவர் தூக்கம் கெடாது என்றான்.

"மேடத்துக்கு இந்த மீடியம் சரியா இருக்கும். சாருக்கு எப்படி வேணும்?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. பெண் கேட்கப் போனவன் மாதிரி நின்றேன். கட்டியாக இருக்கட்டும் என்றேன். "படுத்துப் பாத்துச் சொல்லுங்க சார், பத்து நிமிசமாவது படுக்கணும்" என்று ஒரு மெத்தையைக் காட்டினான். செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தேன்.

விழித்தபோது கடை விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன, வெளியே சாயங்காலம். பக்கத்துக் கட்டிலில் ஒரு குடும்பம் உட்கார்ந்து மெத்தையை அமுக்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஷாகுல் தண்ணீர் கொண்டு வந்தான்.

"எழுப்ப மனசு வரல சார். நீங்க அப்படித் தூங்குனீங்க."

சித்திரையிலிருந்து நான் சரியாகத் தூங்கவில்லை என்பது அந்தப் பையனிடம் சொல்லக்கூடிய விஷயமா? இந்த மெத்தையையே போடு என்றேன்.

ஜூன் 16, திங்கள்

தேன்மொழி கேட்டாள், "அம்மாவுக்கு சிங்கிள் போதுமேப்பா, எதுக்கு டபுள்?" டபுளுக்குத்தான் தள்ளுபடி என்று சொன்னேன். தள்ளுபடி எதுவும் இல்லை.

ஜூன் 23, திங்கள்

கட்டில் ஆர்டர் கொடுத்தாயிற்று. வேலை ஒன்றும் இல்லாததால் இதை எழுதுகிறேன்.

தேன்மொழி பத்தாவது படித்தபோது, ராத்திரி கண் விழித்துப் படிப்பவளுக்குத் துணையாகத் தனபாக்கியம் கூடத்துக்குப் பாயை எடுத்துக்கொண்டு போனாள். வயசுக்கு வந்த பெண் இருக்கும் வீட்டில் அது வழக்கம்தான். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். அப்புறம் பன்னிரண்டாவது வந்தது, அப்புறம் காலேஜ். பிறகு கல்யாணம் ஆகி, மாப்பிள்ளையும் பெண்ணும் வந்து தங்கினால் அறை அவர்களுக்கு. நான் வராந்தாவுக்குப் போவேன். அவர்கள் கிளம்பியதும் நான் அறைக்குத் திரும்பினேன். அவள் கூடத்திலேயே இருந்தாள்.

போகும்போது ஒரு காரணம் இருந்தது. காரணம் முடிந்த பிறகும் அவள் உள்ளே வரவில்லை, நானும் வா என்று சொல்லவில்லை. சொந்த வீட்டில் ஒருத்தரை எப்படி அழைப்பது? பத்திரிகை அடித்தா கொடுப்பார்கள்? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தது, பிறகு சொன்னால் அசிங்கமாக இருக்கும்போல ஆகிவிட்டது.

சரி. கொடியில் துணி காய்ந்துவிட்டது, எடுக்க வேண்டும்.

ஜூலை 2, புதன்

கட்டில் வந்துவிட்டது. இரண்டு பேர் வந்து மாட்டிக் கொடுத்தார்கள். மோட்டார், ஒயர், ரிமோட் எல்லாம் சோதித்தார்கள். நான் ரிமோட்டை வைத்துக்கொண்டு இரண்டு பாதியையும் ஒரே நேரத்தில் தூக்கிப் பார்த்தேன். பிறகு ஒன்றை மட்டும். என் அளவு ஒரு விரல்கூடப் பிசகவில்லை.

பழைய இரும்புக் கட்டிலைத் தெருமுனை இஸ்திரிக்காரர் கேட்டார், கொடுத்துவிட்டேன். புதுசில் நான் படுக்கவில்லை. பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவும் இல்லை. முதலில் அவள் படுக்கட்டும், அதுவரை எனக்குக் கூடம்.

ஜூலை 3, வியாழன்

தேன்மொழி வீடியோ கால் போட்டாள். கட்டிலைச் சுற்றிக் காட்டினேன். இனியா கை தட்டியது. தனபாக்கியம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அது ஜன்னல்தானே? அப்ப தல எந்தப் பக்கம் வருது?"

நான் திரும்பிப் பார்த்தேன். பிளக் இருப்பது வடக்குச் சுவரில். வந்தவர்கள் ஒயர் எட்டும் இடத்தில் தலைப்பக்கத்தை வைத்துவிட்டார்கள். நான் ரிமோட்டையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"வடக்க தல வச்சு யாராச்சும் படுப்பாங்களாங்க?" என்றாள். கோபமில்லை, ஆச்சரியம்தான். காலம் முழுக்க ஆயிரம் பிள்ளைகளைக் கிழக்கே பார், மேற்கே பார் என்று திருப்பிவிட்ட ஆளுக்குத் திசை தெரியவில்லை.

தலையணையை மறுபக்கம் போட்டால் போச்சு என்று சமாளித்தேன். போனை வைத்ததும், உறையோடு இருந்தபடியே மாற்றிப் படுத்து, தலை என்று போட்டிருக்கும் பட்டனை அமுக்கிப் பார்த்தேன். கால் இரண்டும் மேலே கிளம்பின. சிரசாசனம்தான் போட முடியும். சாதாரணக் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் தலைப்பக்கம்தான். இதற்கு ஒரே தலை.

ஜூலை 7, திங்கள்

எலக்ட்ரீஷியன் செல்லதுரை வந்தார். "எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்துக்கலாமே மாஸ்டர், எதுக்குச் சுவத்த உடைக்கணும்?" என்றார். ராத்திரி எழுந்தால் ஒயர் அவள் காலில் தட்டும், தெற்குச் சுவரிலேயே பிளக் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். தெற்குச் சுவரில் பீரோ இருந்தது. நாங்கள் இருவரும் அதைக் கூடத்துக்குத் தள்ளினோம். பிறகு கட்டிலைத் திருப்பினோம். எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. யாரிடமும் சொல்லவில்லை.

ஜூலை 9, புதன்

பீரோ வந்த பிறகு கூடத்தில் ஆள் படுக்க இருக்கும் ஒரே இடம் சமையலறைப் பக்கத்து மூலைதான். தனபாக்கியத்தின் இடம். அவள் பாயையே விரித்துக்கொள்கிறேன்.

கூடத்து மின்விசிறிக் காற்று அந்த மூலைக்கு வருவதே இல்லை. ஃபிரிட்ஜ் காதுக்குள் உறுமுகிறது. முதுகெல்லாம் வேர்வை. இதைப் பற்றி என்னிடம் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

போனில் கேட்டேன். "அங்க காத்தே வரல, எப்படிப் படுத்த?"

"தேனு படிக்க அந்த மூலையிலதானே லைட்டு இருந்துச்சு" என்றாள். தேனு படித்து முடித்து எத்தனை காலம் ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

எல்லாம் தயார், வரலாம் என்றேன். வியாழக்கிழமை ஆடி பிறக்கிறதே, ஆடி கழியட்டும் என்று தனபாக்கியம் சொல்கிறாளாம். ஆடியில் பிரித்து வைப்பது புதுசாகக் கல்யாணம் ஆனவர்களை. நாங்கள் என்ன நேற்றா மாலை மாற்றினோம்?

தேன்மொழி தனியாக வந்து போனில் மெதுவாகச் சொன்னாள். "அப்பா, அம்மா இங்க சிரிச்சுப் பேசிட்டு இருக்காங்க. நீங்க வேணா இங்க வந்துருங்களேன். அம்மாவுக்கு அங்க வர..." என்று இழுத்தாள்.

"வர?"

"ஒண்ணுமில்லப்பா. நான் பேசிப் பாக்குறேன்."

அவள் வராமலே இருந்துவிடுவாளோ என்று இன்றுதான் முதல் தடவை தோன்றியது. கட்டில் இல்லாததால் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது கட்டில் இருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. காவிரியில் கரை முட்டத் தண்ணீர். அம்மா மண்டபப் படித்துறையில் கால் வைக்க இடமில்லை. எல்லாரும் ஜோடி ஜோடியாகவோ கூட்டமாகவோ வந்திருந்தார்கள். நான் ஒரு ஓரமாக நின்றுவிட்டு வந்தேன். எதிர்வீட்டிலிருந்து புளியோதரையும் எலுமிச்சை சாதமும் வந்தன. ஒரு ஆளுக்கு அளந்து சின்னக் கிண்ணத்தில் கொடுத்திருந்தார்கள்.

ஆகஸ்ட் 9, சனி

இன்று தேன்மொழியிடம் கேட்காமல் தனபாக்கியத்திடம் கொடு என்றேன். அவள் வந்ததும் என்ன பேசுவது என்று தெரியவில்லை. அவள் "சாப்பிட்டீங்களா" என்றாள். "ம்" என்றேன். வழக்கமாக அதோடு போன் தேன்மொழி கைக்குப் போய்விடும்.

"இந்தா, நீ வந்துரு" என்றேன்.

"என்ன?"

"வீட்டுக்கு வந்துரு. நீ இல்லாம நல்லால்ல."

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. "ஆடி முடியட்டும்" என்றாள். முன்பும் அதையேதான் சொன்னாள். ஆனால் இந்தத் தடவை அவளே என்னிடம் சொன்னாள்.

ஆகஸ்ட் 20, புதன்

வந்துவிட்டாள். மாப்பிள்ளை காரில் தேன்மொழி முன்னால், இவள் பின்னால் சாய்ந்தபடி. இளைத்திருக்கிறாள். வாசலில் பூசணிக்காய் உடைக்கலாமா என்று எதிர்வீட்டில் கேட்டார்கள். நான் சும்மா இருங்கள் என்றேன், ஆனால் எனக்கும் ஆசைதான்.

அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். நான் உறையைக் காலையிலேயே பிரித்துப் பூப்போட்ட விரிப்பு போட்டிருந்தேன். முட்டிக்கு நடுவில் வைக்கச் சின்னத் தலையணையும் வாங்கி வைத்திருந்தேன். அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ரிமோட்டை எப்படிப் பிடிப்பது என்று காட்டினேன். தலைப்பக்கம் எழும்ப எழும்ப அவள் முகம் மேலே வந்தது. "அட" என்று சிரித்தாள்.

தேன்மொழி அடுத்த பாதியில் படுத்துக்கொண்டாள். நியாயம்தானே, அம்மாவுக்கு எழ ஒத்தாசை வேண்டும். எனக்குக் கூடம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தேன்மொழி காலையில் ஊருக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று, "இனிமே நீங்க உள்ள படுத்துக்கங்கப்பா, அம்மா எந்திரிக்கப் பிடிச்சுக்கணும்" என்றாள். சரி என்றேன். அவள் சொன்னதாகச் சொல்லி உள்ளே போய்ப் படுத்திருக்கலாம். சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் அப்படிச் செய்யக் கூடாது என்று இருந்தது.

மதியச் சாப்பாடு ஆனதும் அறை வாசலில் போய் நின்றேன். அவள் தலைப்பக்கத்தைப் பாதி தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் இந்தப் பக்கம் படுத்துக்கட்டுமா?"

திரும்பினாள். "தேனு சொன்னாளா?"

"சொன்னா. ஆனா அதுக்காகக் கேக்கல. நானாத்தான் கேக்குறேன்."

ரிமோட்டை அமுக்கினாள். கட்டில் இன்னும் கொஞ்சம் எழும்பி, அவள் நேராக உட்கார்ந்தாள். பக்கத்துக் காலிப் பாதியை ஒரு தடவை கையால் தடவினாள்.

"உங்க பக்கத்துல படுக்கறது எப்படின்னே எனக்கு மறந்து போச்சுங்க" என்றாள். "கோவத்துல சொல்லல. நெசமாவே மறந்து போச்சு."

ரெஃப்ரி விசில் ஊதிய பிறகு ஆட்டக்காரன் நிற்பது மாதிரி நின்றேன்.

"கொஞ்ச நாள் போகட்டும்" என்றாள்.

"சரி" என்றேன்.

கூடத்துக்கு வந்து பாயில் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்தது. வேர்வையைத் துடைப்பது மாதிரி துடைத்துக்கொண்டேன், அவள் எட்டிப் பார்க்க முடியாது என்று தெரிந்தும். மாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. கொஞ்ச நாள் போகட்டும் என்றுதான் சொன்னாள். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் மறந்து போச்சு என்றாளே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஆகஸ்ட் 26, செவ்வாய்

நாளைக்குப் பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை மாவுக்கு அரிசி ஊறப் போட்டேன். அவள் கட்டிலில் சாய்ந்தபடியே கூடத்துக்குக் கேட்கும் குரலில் இன்னும் ஒரு டம்ளர், இன்னும் ஒரு டம்ளர் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டில் ஒரு குரல் கேட்பது நன்றாகத்தான் இருக்கிறது.

சாயங்காலம் கொடியிலிருந்து துணிகளை எடுத்து மடித்தேன். மாத்திரை டப்பா, வெந்நீர்ப் பை, பிளாஸ்க், முதுகுக்குப் போடும் பெல்ட் எல்லாம் அறையில் ஆளுக்கொரு மூலையில் கிடந்தன. எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிலின் காலிப் பாதியில் வரிசையாக அடுக்கினேன். அவள் கைக்கு எட்டும், இடமும் வீணாகாது. எதையும் ஒழுங்குபடுத்தினால் எனக்கு மனசு கொஞ்சம் அமைதியாகும்.

"அதெல்லாம் அங்க வைக்காதீங்க" என்றாள்.

"ஏன், காலியாத்தானே கெடக்கு?"

"காலியாவே கெடக்கட்டும்."

"உனக்கு எடுக்கத் தோதா இருக்குமேன்னு பாத்தேன்."

"எனக்குத் தோதுதான். ஒருநா திடீர்னு எடம் வேணும்னா, யாரு அத்தனையும் தூக்கி வைக்கறது?"

துணிகளைப் பீரோவுக்கும், மற்றதை ஜன்னல் திண்டுக்கும் மாற்றினேன். விரிப்பில் விழுந்திருந்த சுருக்கத்தை அவள் கையை நீட்டி நீவிவிட்டாள்.